மூன்று படங்களோடு போன இரண்டு ஞாயிறுகள்: மாட்டுங்கா எழுத்து வகுப்பு பற்றி

பணம் கட்டிய அன்று மாலையே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களில் ஐந்து எடுத்து வாருங்கள். ஒன்றாவது நீங்கள் பிறப்பதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கட்டும்." எங்கள் வீட்டில் பழைய படம் என்று மொத்தமே மூன்றுதான். மற்றதெல்லாம் 2005 ஜூலை 26 அன்று போய்விட்டது.

மும்பையில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. நாங்கள் அப்போது தாராவியில் தரைத்தள வீட்டில் இருந்தோம். மித்தி ஆறு பொங்கி, சாக்கடை எதிர்த்து ஏறி, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி இருந்தது. ரேஷன் கார்டு, அம்மாவின் கல்யாணப் பட்டு, இரண்டு ஆல்பம், எல்லாம் அதற்குள். தண்ணீர் வடிந்த பிறகு திறந்து பார்த்தால் ஆல்பம் செங்கல் மாதிரி ஒரே கட்டி. பத்திரம் என்று பெட்டிக்குள் வைத்தது அத்தனையும் போயிற்று. சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டது மட்டும் பிழைத்தது. அதுதான் அந்த மூன்று படம். அம்மாவின் பூ ஜடைப் படம், மாலை போட்ட அப்பா, நான் நான்காம் வகுப்பில் முனிசிபல் பள்ளியில் எடுத்த குரூப் போட்டோ.

இந்த நிலையில் "பழைய படங்களை வைத்து எழுதப் பழகுவோம்" என்ற வகுப்புக்கு நான் போனது சரியா என்று முதல் நாள் படியேறும்போதுகூட யோசித்துக்கொண்டுதான் ஏறினேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஆல்பம் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும்.

வகுப்பு நடப்பது மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை 10 முதல் மாலை 5 வரை. 2,400 ரூபாய், இலைச் சாப்பாடும் இரண்டு வேளை காபியும் சேர்த்து. எங்கள் குழுவில் 14 பேர். எல்லாம் தமிழிலேயே. நடத்துகிறவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஆள் சேர்ப்பது வாய்வழியாகத்தான், தன் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் நாங்கள் கூப்பிட்டபடியே டீச்சர் என்று எழுதுகிறேன்.

முதல் பயிற்சியிலேயே எனக்கு இந்த வகுப்பின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கொண்டுவந்த படத்தைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பத்து நிமிடம். படத்தைப் பார்க்காமல், அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், கை எங்கே இருக்கிறது, காலில் செருப்பு உண்டா, பின்னால் என்ன. எழுதி முடித்த பிறகு படத்தைத் திருப்பி ஒத்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்தது அம்மாவின் பூ ஜடைப் படம். நாற்பது வருடமாகத் தினமும் கண்ணில் படுகிற படம். என் கணக்கில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கையில் கைக்குட்டை இருந்தது, கொஞ்சம் கோபமாக இருந்தாள். திருப்பினால் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். கைக்குட்டை இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த மாதிரிப் படம் தெக்கத்திக் குடும்பங்களில் நிறையப் பேர் வீட்டில் உண்டு. பெரிய மனுஷியான பெண்ணுக்குப் பூத் தைத்து, தாழம்பூவும் மல்லிகையுமாக ஜடை முழுக்க அலங்கரித்து, ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெரிய கண்ணாடி முன்னால் நிறுத்தி, முகமும் தெரிய வேண்டும், கண்ணாடிக்குள் ஜடையும் தெரிய வேண்டும் என்று கோணம் பார்த்து எடுப்பார்கள். அம்மாவுக்கு எடுத்தது திருநெல்வேலி டவுனில், 1971 வாக்கில். அந்த வருடத்தோடு அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் முகத்தை அப்படி வைத்திருக்கிறாள் என்று நானும் அண்ணனும் சின்ன வயதிலிருந்தே பேசிக்கொள்வோம்.

டீச்சர் எங்கள் எழுத்தில் சில சொற்களுக்குத் தடை போட்டார். "படத்தில்" என்று வாக்கியம் தொடங்கக் கூடாது. "அந்தக் காலத்தில்" கூடாது. ஏக்கம், மகிழ்ச்சி, சோகம், நினைவலைகள் எதுவும் கூடாது. கேள்விகள் மட்டும் கொடுத்தார். படம் எடுப்பதற்கு அரைமணி முன்னால் இவர்கள் எங்கே இருந்தார்கள்? எப்படி வந்தார்கள்? படச் சட்டத்துக்கு வெளியே நின்றது யார்? அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள்? தெரியாவிட்டால் கற்பனை செய்ய வேண்டாம், முதலில் உயிரோடு இருக்கிறவர்களைக் கேளுங்கள் என்றார். மதிய இடைவேளையில் ஆளுக்கொரு மூலையில் போனோடு நின்றோம். அம்மா அம்பர்நாத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"இப்பம் எதுக்குட்டி அதெல்லாம் கேக்க?" என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம் தானாகவே சொன்னாள். "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. தலவலி. அந்தத் தாழம்பூ வாசன, ஜடைக் கனம், காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பஸ்ஸுல எடம் இருந்துது. சாஞ்சா பூவு நசுங்கிரும்னு ஒங்க ஆச்சி உக்காரவே விடல. நின்னுக்கிட்டேதான் போனேன். அங்கயும் போயி நிக்கச் சொன்னாம் பாரு, அந்த போட்டாக்காரன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பள்ளிக்கூடத்த நிப்பாட்டுனது அப்பம் இல்ல, அதுக்கு முன்னாலயே" என்றாள். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. அவளும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் நேரே மாட்டுங்கா பூக்கடைகளுக்குப் போனேன். அங்கே கல்யாணத்துக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் பூ ஜடை செய்து தருகிறார்கள். ஒரு கடைக்காரர் தைத்துக்கொண்டிருந்த ஜடையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இப்போது யாரும் தலையிலேயே வைத்துத் தைப்பதில்லை, தனியாகத் தைத்துக் கொண்டுபோய்ப் பின்னலில் கட்டிவிடுகிறார்கள் என்றார். அம்மா காலத்தில் தலையில் பின்னலோடு சேர்த்துத் தைப்பார்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். அந்த ஈர ஜடையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அம்மாவின் கழுத்து ஏன் அந்தப் படத்தில் அப்படி விறைத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதை எழுதி அடுத்த ஞாயிறு வாசித்தேன். டீச்சர் சிவப்பு மையில் ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற இடத்தை மட்டும் இன்னும் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய படம் எதுவும் கையில் இல்லாத இளைஞர் ஒருவர் வந்திருந்தார். ஐரோலியில் ஐ.டி. வேலை. போனில் முப்பதாயிரம் படம் இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றார். அழகுக்காக எடுக்காத படமாக, வேலைக்காக எடுத்த படமாக ஒன்றைத் தேடச் சொன்னார் டீச்சர். அவர் தேடி எடுத்தது மின்சார மீட்டர் படம். வாடகை வீட்டைக் காலி செய்கிற அன்று, வீட்டுக்காரருக்கு அனுப்புவதற்காக ரீடிங்கைப் படம் பிடித்திருக்கிறார். மீட்டர் கண்ணாடியில் அவருடைய உருவமும், பின்னால் கட்டிவைத்த அட்டைப் பெட்டிகளும், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அவர் மனைவியும் மங்கலாகத் தெரிந்தார்கள். இப்போது இருவரும் சேர்ந்து இல்லை. மீட்டர் எண்ணில் தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினார். எங்கள் குழுவில் எழுதப்பட்டதிலேயே அதுதான் சிறந்தது. அவர் வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காபி ஆறிப்போயிற்று.

இரண்டாவது ஞாயிறு முழுக்க ஒரே பயிற்சி. உங்களிடம் இல்லாத படத்தை எழுதுங்கள். தொலைந்தது, கிழித்தது, எடுக்காமலே விட்டது, எதுவானாலும் சரி. என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். இருபது வருடமாக மனதில் வைத்திருக்கிற படம் ஒன்று உண்டு. 1986 மே மாத லீவில் கேட்வே ஆஃப் இந்தியாவில் எடுத்தது. எனக்கு ஆறு வயது. அங்கே கழுத்தில் கேமராவும் கையில் மாதிரிப் படங்களுமாகச் சுற்றுகிறவர்களில் ஒருவர் எடுத்தார். பணத்தையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு தபாலில் அனுப்பிவைத்தார். பின்னால் கேட்வே வளைவு. அப்பா என் விரலைப் பிடித்திருக்கிறார். எங்கள் காலடியிலிருந்து புறாக்கூட்டம் கிளம்புகிறது, ஒரு சிறகு என் கன்னத்தை உரசுகிறது. சிறகு பட்ட இடம் இப்போதும் எனக்குத் தெரியும்.

எழுதி முடித்து, இடைவேளையில் அண்ணனுக்குக் குரல் செய்தியாக வாசித்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஏ பாப்பா, நல்லாருக்கு. ஆனா அன்னைக்கு நீ வரவேயில்லயே. ஒனக்குக் காய்ச்ச. சித்தி வீட்டுல விட்டுட்டுல்லா போனோம். போட்டால அப்பா, அம்மா, நான், முருகன் கோயில் தெரு மாமா, அவ்வளவுதான்."

எனக்குக் கை ஆடிவிட்டது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லோரையும் உட்காரவைத்து, 2002-இல் வெளியான ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். நியூசிலாந்தில் கிம்பர்லி வேட், மேரியான் கேரி முதலானவர்கள் செய்தது. 20 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சின்ன வயதில் சூடான காற்று பலூனில் ஏறியதே இல்லை என்று குடும்பத்தாரிடம் உறுதி செய்துகொண்டார்கள். பிறகு அவர்களுடைய குழந்தைப் படத்தை வெட்டி ஒட்டி, பலூன் கூடையில் நிற்பது போலப் போலிப் படம் செய்து, உண்மையான குடும்பப் படங்களோடு கலந்து காட்டினார்கள். மூன்று முறை உட்காரவைத்துப் பேசிய பிறகு, பாதிப் பேர் நடக்கவே நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ கொஞ்சமாகவோ நினைவுகூர்ந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. படம் கையில் இருந்தது, மனசு மிச்சத்தைக் கட்டிக்கொண்டது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அப்பாவின் மாலை போட்ட படம். அப்பா 1999-இல் இறந்தபோது தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கேட்வே படத்தைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்தோம். முகத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னால் நீலம் அடித்து, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வைத்துக் கொடுத்தார்கள். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் கோட் போட்டு நான் பார்த்ததில்லை, தாராவியில் எங்கள் சந்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் என் மகள் இரண்டாம் வகுப்பில் "என் தாத்தா" என்று கட்டுரை எழுதியபோது, தாத்தா ஆபீசர், தினமும் கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார் என்று எழுதினாள். அன்று அவளைத் திருத்தினேன். அதே மாதிரி நானும் ஆல்பத்தை ஒவ்வொரு லீவுக்கும் எடுத்துப் பார்த்துப் பார்த்து, அந்தப் படத்துக்குள்ளேயே போய் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எழுதியதைக் கிழித்துப் போடவா என்று கேட்டேன். "கிழிக்காதம்மா. நீ எழுதினது முதல் பத்தி. அண்ணன் சொன்னது ரெண்டாவது பத்தி. காய்ச்சலோட சித்தி வீட்ல இருந்தியே, அங்க என்ன நடந்துச்சுன்னு மூணாவது பத்தி எழுது" என்றார். சித்தி வீடு கோலிவாடாவில் ஒரு சாலில் (ஒரே வராண்டாவை ஒட்டி வரிசையாக வீடுகள் உள்ள கட்டடம்), மாடியில் இருந்தது. அதன் வராண்டாக் கம்பியில் யாரோ கம்பு தூவி வைத்திருப்பார்கள், புறாக்கள் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கம்பி நினைவுக்கு வந்தது. சிறகு பட்டது அங்கேயாக இருக்கலாம். அண்ணனிடம் கேட்டால் அவனுக்குத் தெரியாது, சித்தி இப்போது இல்லை. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், தீர்ப்பு சொல்லாமல்.

ஒரு நல்ல ஆசிரியரால் மட்டுமே இப்படி ஒரு தவறை எழுத்தாக மாற்றிக் கொடுக்க முடியும். 2,400 ரூபாய் எனக்கு இரண்டு மாத மின்சாரக் கட்டணம். திரும்பக் கட்டச் சொன்னாலும் கட்டுவேன்.

இனி குறைகள். நடத்துகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலாவது பெரிய குறை. வகுப்புக்கு உதவியாக இருந்தவர்கள் எங்கள் படங்களையெல்லாம் போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. என் அம்மா பதினான்கு வயதில் எடுத்த படம் அது. முன்பின் தெரியாதவர்கள் போனிலெல்லாம் அது இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் சொன்னதும் என் படத்தை நீக்கினார்கள். கேட்காதவர்களின் படங்கள் இன்னும் இருக்கின்றன. அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இரண்டாவது, அசல் படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். அதே மேஜையில் காபி டம்ளர்கள். ஒருவருடைய தாத்தா படத்தின் ஓரத்தில் காபி சிந்திவிட்டது. எங்கள் குழுவிலேயே செம்பூரில் ரொம்ப வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் துடித்துப்போய் ஒற்றி எடுத்தார். இதில் நன்மை என்னவென்றால், சாப்பாட்டு நேரத்தில் அவர் எங்களுக்குத் தனியாக ஒரு பாடமே நடத்தினார். எனக்கு அது வகுப்புக்குச் சமம். போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பும், காயும்போது எதிரே இருக்கிற தாளையோ கண்ணாடியையோ பிடித்துக்கொள்ளும். அம்மா படத்தின் கீழ்ப்பக்கம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதைக் காட்டினேன். இழுக்கவே கூடாது என்றார். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம், இல்லையென்றால் ஃப்ளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுக்கலாம். ஒட்டுப் பசை தடவிய பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய ஆல்பங்களிலிருந்து படங்களைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடச் சொன்னார், அந்தப் பசையே படத்தை மஞ்சளாக்கும். பின்பக்கம் பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு போடும்.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தைப் பற்றியும் கேட்டேன். நனைந்த படங்களைக் கட்டாகக் காயவிட்டால்தான் பிரிக்க முடியாமல் போகும், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்து ஓரிரண்டு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தால் சிலவாவது கிடைத்திருக்கும் என்றார். நாங்கள் அதைத் தகரக் கூரை மேல் அப்படியே வைத்து வெயிலில் காயவைத்தோம். காய்ந்ததும் அண்ணன் கத்தி வைத்துப் பிரித்துப் பார்த்தான். இதை மழை நகரத்தில் இருக்கிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். டீச்சர் அந்தப் பெரியவரை அடுத்த முறை ஒரு மணி நேரம் பேசவைத்தால் நல்லது.

கடைசி நாள் மாலை ஒன்றரை மணி நேரம், புத்தகம் போடுவது எப்படி, ஆன்லைனில் விற்பது எப்படி என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் பேசினார். தேவையே இல்லை. அந்த நேரத்தில் ஒன்பது பேர் தங்கள் எழுத்தை வாசித்திருக்கலாம், ஐந்து பேருக்குத்தான் வாய்ப்புக் கிடைத்தது. டோம்பிவிலியிலிருந்து வந்த அக்கா ஒருவர், தன் மாமியார் தையல் மெஷினோடு நிற்கிற படத்தை வைத்து எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் காட்டினார். அதை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், ஏற்கெனவே நிறைய எழுதிப் பழகியவர்களுக்கு முதல் நாள் காலை கொஞ்சம் மெதுவாகத் தோன்றலாம். என்னைப் போலக் கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டு, எழுத ஆசைப்பட்டு, எதில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். தமிழ் எழுதப் பழக்கம் விட்டுப்போன பிள்ளைகளும் இருவர் வந்திருந்தார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல டீச்சரே எழுதிக்கொடுத்தார். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் யாராவது பெரியவர்கள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த வகுப்பு தீபாவளி கழிந்து என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்திய ரயில்வேயில் பெரும்பாலும் மெகா பிளாக் இருக்கும், பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் தடத்தை மூடிவிடுவார்கள். தானே, கல்யாண் பக்கமிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், எங்கள் குழுவில் மூன்று பேர் முதல் பயிற்சியைத் தவறவிட்டார்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும், மதியம் வீட்டுக்குப் பேச வேண்டியிருக்கும். படத்தின் நகலைக் கொண்டுபோங்கள். அசல் ஆணியிலேயே இருக்கட்டும்.